நடேசண்ணை முன்கூட்டிச் சொன்னவை

போன கிழமை மகன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, மறுநாள் அமெரிக்காவில் ஒரு கொம்பனி அறிவிக்கப்போகிற புதுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். மடிக்கிற திரையாம், மூக்குக்கண்ணாடிக்குள் கமெராவாம். "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை. அவன் சிரித்தான். எனக்கோ எங்கிருந்தோ ஈயம் உருகும் வாசனை வந்தது.

அது சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த நடேசண்ணையின் ரேடியோ திருத்தும் கடை வாசனை. எண்பதுகளின் நடுப்பகுதி. சுவருக்கு இந்தப் பக்கம் நான் தட்டெழுத்து வகுப்பு நடத்தினேன். நிமிடத்துக்கு ஐம்பது சொல் அடிப்பேன் என்ற திமிர் இருந்தது. அடிக்கிற ஆங்கிலத்தில் பாதி விளங்காது என்பதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

யப்பானில் வருடாவருடம் நடக்கும் மின்சாதனக் கண்காட்சியில் என்னென்ன வரும் என்று அவர் ஒரு மாதம் முன்னரே சொல்லிவிடுவார். உள்ளங்கைக்குள் அடங்கும் ரீவி, தானே பக்கம் மாற்றும் கசெற் பெட்டி. பிந்தி வரும் பேப்பரைப் பார்த்தால் அப்படியே இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும் சனம் வாயைப் பிளக்கும்.

"எப்பிடியண்ணை தெரியும்?"

"யோசிச்சால் தெரியும்."

அந்தப் பதில் எனக்குச் செமிக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் தெரிவதில்லையே!

கொழும்புக்கு அவர் அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் அடித்துக் கொடுத்தேன். வசனம் குறைவு, எழுத்தும் இலக்கமும் கலந்த வரிசைகள்தான் பக்கம் முழுக்க. என்னவென்று கேட்டால், "அது உங்களுக்கு வேண்டாம் ரீச்சர், அப்பிடியே அடியுங்கோ" என்பார். கொழும்புக்குக் கடிதம் போடுகிறவனையே ஆமிக்குத் தகவல் கொடுக்கிறவனோ என்று பார்த்த காலம் அது. ஒரு நாள் சோறு போடும்போது, இயக்கப் பெடியளோடு பழக்கமுள்ள அக்காவின் புருஷனிடம் சொன்னேன்: "அத்தான், உந்த ரேடியோக்கடை ஆள் ஏதோ சங்கேதத்திலை எழுதுது போலை." அத்தான் "ம்" என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்து அவரையும் கடிதக் கட்டையும் கொண்டுபோனார்கள். கடையைப் பூட்டக்கூட விடவில்லை. அன்று நான் அடித்ததெல்லாம் பிழை.

ஒன்பது நாள் கழித்து, இடது காலை இழுத்து இழுத்து வந்தார். அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தையே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் சொன்னார்.

"கொழும்பு யாவாரியளின்ரை லிஸ்ற்றிலை உதிரிப்பாகங்கள் முதலே வந்திடும். அதின்ரை நம்பருகளைத்தான் எழுதி விசாரிக்கிறனான். சின்ன மோட்டர் வந்தால் சின்னப் பெட்டி வரப்போகுது. இதுதான் என்ரை சாத்திரம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை வழக்கம்போல ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். தாளை நீட்டியபடி என் முகத்தையே பார்த்தார்.

"ரீச்சர், உங்களிட்டையும் ஆரும் விசாரிச்சவையோ?"

"இல்லையண்ணை."

அது பொய்யில்லை. யாரும் விசாரிக்கவில்லை, நானாகத்தானே சொன்னேன். தெரிந்துதான் கேட்டாரா என்ற சந்தேகத்தில் அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒவ்வொரு இருமலுக்கும் பயந்தேன். அவரோ, கண்காட்சி மாதம் வந்து யாராவது கேட்டால், "பேப்பர் வரட்டும், பாப்பம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு சண்டையில் அந்தக் கடைவரிசையே தரைமட்டமானது. அவர் கனடாவில் என்றார்கள், வவுனியாவில் செத்துப்போனார் என்றார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. போன வருடம் ஊருக்குப் போனபோது அந்த இடத்தில் ஒரு மருந்துக்கடை. காசு மேசையில் இருந்த பெண்ணிடம், "முந்தி இதிலை ரேடியோக் கடை வைச்சிருந்த நடேசரைத் தெரியுமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் கேக்கிறியள்? நீங்கள் அவருக்கு என்ன வேணும்?"

ஒரு பனடோல் அட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.