முட்டிக்குள் சிமெண்ட்

என் வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுத் தரை அவர் போட்டது. எங்கள் சமையலறை மட்டும் பன்னிரண்டு வருடமாக வெறும் சிமெண்ட் தரை. கேட்டால் "அடுத்த மாசம்" என்பார். எந்த வருடத்து அடுத்த மாதம் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

முப்பது வருடம் மண்டி போட்டதில் அவருடைய வலது முட்டி அடியோடு போய்விட்டது. படி ஏறும்போது கறகறவென்று சத்தம் எனக்கே கேட்கும். அவரோ, "வலியா, எனக்கா?" என்பார். இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்: "சின்ன ஓட்டை போட்டு உள்ள சுத்தம் பண்ற கட்டத்தைத் தாண்டியாச்சு. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா மூட்டுல பாதி மட்டும் மாத்தலாம். உங்களுக்கு எல்லாப் பக்கமும் தேஞ்சு எலும்பும் எலும்பும் உரசுது. முழுசா மாத்தணும்."

இவர் மேசைமேல் இருந்த செயற்கை மூட்டின் மாதிரியை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இத எதுல ஒட்டுவீங்க?"

"அதுக்குன்னு ஒரு சிமெண்ட் இருக்கு."

சிமெண்ட் என்றதும் மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நிமிடமே சம்மதித்துவிட்டார். "இனிமே மண்டி போட்டு வேலை பார்க்காதீங்க, சுவர் வேலை பாருங்க" என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் முகம் வாடியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் வாக்கரோடு வந்து, "எழுந்து நில்லுங்க ஐயா" என்றாள்.

"மூணு நாள் போகட்டும்மா. ஒட்டின மறுநாளே மிதிச்சா பெயர்ந்துடும்."

அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே நடக்கலேன்னா முட்டி விறைச்சுப் போயிடும் ஐயா!"

"என் தொழிலை எனக்கே சொல்லித் தராதம்மா."

வறட்டுப் பிடிவாதத்தால் நடக்காமலே போய்விடுவாரோ என்று பயந்துபோனேன். கெஞ்சினேன், திட்டினேன். மனிதர் அசையவில்லை.

கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். கையில் பழுப்பு வெள்ளையாக ஒரு கட்டி. "நாங்க கலக்குற சிமெண்ட்ல கொஞ்சம் தனியா எடுத்து, இறுகிடுச்சான்னு தொட்டுப் பார்ப்போம். இது போன வாரத்து மிச்சம். கால் மணி நேரத்துல இப்படி ஆயிடும்."

இவர் அதை நகத்தால் கீறினார். கட்டில் கம்பியில் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். "நல்ல சரக்கு. கடையில கிடைக்குமா?" என்றபடியே காலைத் தரையில் ஊன்றினார். நாலு அடி நடந்தார். நான் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறைக்கு டைல்ஸ் வந்து இறங்கியது. இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வழி சொல்ல, நான் மண்டி போட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றையும் கைத்தடியால் தட்டிப் பார்ப்பார். "அடியில காலியா இருக்கு. எடுத்துட்டு மறுபடி ஒட்டு." எத்தனை திமிர் பாருங்கள்!

இரண்டாவது வரிசை முடிவதற்குள் என் முட்டி இரண்டும் நெருப்பாய் எரிந்தன. முப்பது வருடம் இப்படித்தான் இருந்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் சமையலறைத் தரைக்காகக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஒட்டி முடிக்கும்போது கேட்டேன்: "ரொம்ப வலிச்சிருக்கும்ல உங்களுக்கு?"

"வலியா, எனக்கா?" என்றவர், கடைசி டைலைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "மூணு நாள் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

"உங்க முட்டிக்குக் கால் மணி நேரம் போதும்னாங்களே?"

"அது வெறும் முட்டி. இது உன் சமையலறை."