தழை போட்ட கிணறு

கந்தம்மாளைப் போல ஒரு சந்தேகக்காரி திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். போட்ட முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போடுவாள். மேச்சேரியில் பிறந்து, கல்யாணச் சீராக இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள். அவை இன்று ஒரு பட்டியாகப் பெருகி நிற்பது அந்தச் சந்தேகத்தால்தான். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் தழை ஆட்டுக்கு ஆகாது. வயிறு முட்டத் தின்றால் விழுந்து செத்துவிடும். ஆகவே கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் தழையை ஒன்றுவிடாமல் கூட்டி, ஆழ்துளைப் போர் போட்டபின் வற்றிப்போன பழைய கிணற்றில் கொட்டச் சொன்னாள். ஆட்டின் வாய்க்கு எட்டாது என்று நிம்மதி அவளுக்கு.

ஆனால் தழை என்ன சும்மா முளைத்ததா? காற்றிலிருந்த கரியை இழுத்து இழுத்துத்தான் உடம்பு வைத்தது. மட்கும்போது இழுத்ததையெல்லாம் கரியமில வாயுவாகத் திருப்பிக் கொடுத்துவிடும். வெட்டவெளியில் காற்று அதை வாரிக்கொண்டு போய் அடுத்த காட்டுப் பயிருக்குக் கொடுக்கும். கிணற்றுக்குள் வார யார் இருக்கிறார்கள்? கனமான வாயு, கண்ணுக்குத் தெரியாமல் அடியிலேயே தேங்கிக் கிடக்கும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சினையாடு ஒன்று கிணற்றின் இடிந்த சுவர் வழியாக உள்ளே விழுந்தது. தழைமேல் விழுந்ததால் பெரிய அடியில்லை. இரண்டு முறை கத்தியது. பிறகு சத்தமே இல்லை.

கந்தம்மாளின் வீட்டுக்காரன் சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். கிணற்றில் இறங்குமுன் மேட்டிலுள்ள கல்லில் கன்னிமாருக்குக் கற்பூரம் கொளுத்துவது அங்கே வழக்கம். கற்பூரம் நன்றாக நின்று எரிந்தது.

"உத்தரவு கெடச்சுருச்சு புள்ள."

"இருக்கட்டுங்க. இடுப்புல கவுத்தக் கட்டிக்கிட்டு எறங்குங்க. ஆட்டுச் சத்தத்தையே காணோம்."

"ஆட்டுக்குப் போடற மாதிரி எனக்கும் தும்பு போடறயா?" என்று சிரித்தான். அவள் இரட்டை முடிச்சாகவே போட்டாள்.

படிக்கற்களில் கால் வைத்து மளமளவென்று இறங்கினான். அடியை நெருங்கும்போது கால் துவண்டு, அப்படியே தழைமேல் சாய்ந்தான். கூப்பிட்டாள். பதில் இல்லை.

மகன் தனுஷும் பக்கத்துக் காட்டு மாதையனும் கயிற்றை இழுத்தார்கள். அது பாதிக் கிணற்றில் ஒரு படிக்கல்லின் சந்தில் மாட்டிக்கொண்டது. போர் போடும் ரிக் லாரியில் வேலை பார்க்கும் தனுஷ் ஆழத்துக்குப் பயந்தவனல்ல. சட்டையைக் கழற்றினான்.

"அந்தக் கல்லு வரைக்குந்தாம்மா. கவுத்த எடுத்து உட்டுட்டு வந்தர்றேன்."

கந்தம்மாள் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். "எறங்காத சாமி."

"உடும்மா. அப்பா செத்துருவாரு."

"எறங்குனது ரெண்டும் பேச்சுமூச்சில்லாமக் கெடக்குது. உள்ள என்னமோ இருக்குது. உன்னையும் உட மாட்டேன்."

கீழே கிடப்பவன் தாலி கட்டியவன். கைக்குள் திமிறுகிறவன் பெற்ற பிள்ளை. ஒருவனைப் பிடித்து வைத்தால் இன்னொருவன் போய்விடலாம் என்று தெரிந்தேதான் பிடித்திருந்தாள். மகனின் முழங்கை விலாவில் இடித்தது. விடவில்லை.

"மாதையண்ணா, கவுத்தத் தளத்திட்டு அந்தப் பக்கமாப் போயி இழுங்க."

மாதையன் எதிர்ப்பக்கம் ஓடிக் கயிற்றை உதறினான். உதறினான், மறுபடியும் உதறினான். கல்லை விட்டுக் கயிறு வந்தது. மூவருமாக இழுத்தார்கள். முடிச்சு தாங்கியது.

மேட்டில் கிடத்தியபோது சின்னண்ணனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது, இருமினான். கந்தம்மாள் அப்போதுதான் அழுதாள்.

"ஆடு?" என்றான் கண் திறந்ததும்.

"போச்சுங்க. நீங்க பேசாதீங்க."

நூற்றெட்டு வண்டிக்குச் சொல்லியாயிற்று. தனுஷ் தள்ளி உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அப்பா செத்தாலும் சாகட்டும்னு என்னையப் புடிச்சுக்கிட்டு நின்னயேம்மா."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவள் எழுந்தாள். மீதிக் கற்பூரத்தை ஒரு தட்டில் கொளுத்தி, வாளிக்குள் வைத்து, கிணற்றில் மெல்ல இறக்கினாள். மேலே எரிந்தது போலவே நின்று எரிந்துகொண்டு போனது. திடீரென்று, விரலால் நசுக்கியது போல அணைந்தது. அங்கேயே வாளியை நிறுத்தினாள்.

தனுஷ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். கயிறு மாட்டியிருந்த படிக்கல், வாளிக்கு இன்னும் ஓராள் ஆழம் கீழே இருந்தது.