கால் முளைத்த கேரட்

மாடித் தொட்டியில் இன்று ஒரு கேரட்டைப் பிடுங்கியதும் எழுந்த பச்சை வாசனை, எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சியில், அடுப்படிக்குப் பின்னால் இருந்த நான்கு பாத்திகளில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே சுற்றுலா வந்தவர்களின் கார்கள் நிற்கின்றன. அப்போதெல்லாம் தோட்டத்தில் மருந்தடித்து விளைந்ததெல்லாம் லாரி ஏறிவிடும். அரிசி களைந்த தண்ணீர் குடித்து, மருந்தே படாமல் வளர்ந்த அந்தப் பாத்திக் காய்கள்தான் எங்கள் சட்டிக்கு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று நான் ஒவ்வொரு கேரட்டாகப் பிடுங்கிப் பார்த்து, திரும்ப ஈரமண்ணில் நட்டுவைப்பேன். பிடுங்கி நட்டால் நேராக வளராது என்று யார் கண்டது? அம்மா தோண்டிய அன்று, எல்லாமே இரண்டு கால் மூன்று காலோடு வெளியே வந்தன. அடி நிச்சயம் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஏடி, எல்லாத்துக்கும் காலு மொளச்சுக் கெடக்கு! தெனமும் நடக்கப் பழக்குனியாக்கும்?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில், அப்பாவும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தக் கால்களோடு பாசிப்பருப்பு வேகவைத்து, மலைப்பூண்டு தட்டிப்போட்டு அம்மா இறக்கிய கூட்டைச் சட்டியோடு வழித்துத் தின்றோம்.

இன்று பிடுங்கியது சுண்டுவிரல் அளவுகூட இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரும்ப நட்டுவைத்தேன்.