கையில் கொடுத்த கத்தி

என்னைக் கேட்டுக்கொண்டு சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அவர் சைக்கிளின் முன்கம்பி என்னுடையது. பீச்சில் வாங்கும் சுண்டலும் என்னுடையது. சித்தி வந்த பிறகு சைக்கிள் சுவரோரமாகவே நின்றது.

சித்திக்கு அரிவாள்மனை பழக்கமில்லை. பிறந்த வீட்டில் சமையல் மேடையருகே நின்றபடி கத்தியால்தான் நறுக்குவார்களாம். வந்த வாரமே விரலை அறுத்துக்கொண்டார். வீடே கூடி மஞ்சள் வைத்தது. நான் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் இவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

கடையில் ஒரு கத்தி வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். "நானே செஞ்சு தரேன்" என்று கிளம்பினார் சித்தப்பா. தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. ஆனால் கத்தி செய்து அறியாதவர். இரும்பு அறுத்துத் தேய்ந்த ரம்பத் தகடு ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்கி, சாணையில் தீட்டிக்கொண்டு வந்தார். அவசரத்தில் அழுத்திப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது, சூடேறி ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. சித்தி பரங்கிக்காயில் வைத்து அழுத்தியதும் கூர் மடங்கிக்கொண்டது.

"சூட்டுல ஸ்டீலு இளகிப்போச்சு" என்று சித்தப்பா தலையைச் சொறிந்தார். என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

மனிதர் விடவில்லை. அடுத்த தகட்டை அடிக்கடி தண்ணீரில் முக்கி, பொறுமையாகத் தீட்டினார். வேப்பங்கட்டையில் பிடி செதுக்கினார். "கையைக் காட்டு, சரியா இருக்கா பாக்கறேன்" என்று சித்தியின் உள்ளங்கையில் வைத்து வைத்துப் பார்த்து உப்புத்தாள் தேய்த்தார். என் கை அளவை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கத்தி முடிந்த அன்று சித்தி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சித்தப்பா வந்து அதைச் சித்தி எதிரே தரையில் வைத்தார். சித்தி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். நாய்க்குச் சோறு வைப்பதுபோல வைக்கிறாரே என்று எனக்கு ஒரே குதூகலம்.

"பாப்பா மூஞ்சியே சரியில்லீங்க. அதுக்கும் எதுனா குடுங்க" என்றார் சித்தி. சித்தப்பா அந்த நீலம் பாய்ந்த கத்தியைத் தேடி எடுத்து வந்து, நேராக என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தா, வெச்சுக்க. வெண்டைக்கா கூட வெட்டாது."

சித்திக்குத் தரையில், எனக்குக் கையில்! பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அம்மா மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்து பிரிந்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இன்று என் கணவர் கத்தி கேட்டால் நானும் மேடைமேல்தான் வைக்கிறேன். பிரிந்துவிடுவோமோ என்று சித்தப்பா பயந்தது ஒருத்தியை நினைத்துத்தான். அந்த ஒருத்தி நான் இல்லை என்பது தெரியாமல், வெட்டாத கத்தியைப் பாவாடையில் செருகிக்கொண்டு தெரு முழுக்க ராணி மாதிரி நடந்தேன்.