பறங்கிப்பட்டையும் நாட்டுக்கோழி முட்டையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் பம்புசெட் பெல்ட்டில் கை சிக்கியதிலிருந்து அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தது. காயம் ஆறியும் உணர்வு திரும்பவில்லை. சிம்மக்கல் நாட்டு மருந்துக்கடையில் பறங்கிப்பட்டைப் பொடி வாங்கிப் பாலில் கலந்து குடித்துவந்தான். சீனாவிலிருந்து கப்பலில் வருகிற கிழங்கு, நரம்பு தழைத்துவிடும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்.

தழைக்குமா என்று நானே பார்த்துவிடத் துணிந்தேன். கோழிக் கருவிலிருந்து நரம்புச் செல்கள் திரண்ட முடிச்சுகளை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்க வேண்டும். சிலவற்றுக்குப் பறங்கிப்பட்டைச் சாறு விட வேண்டும், சிலவற்றுக்குக் கூடாது. பேராசிரியர் சம்மதித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய பெரிய வெள்ளை முட்டைகளாகப் பொறுக்கி வாங்கி, எட்டு நாள் சூட்டில் வைத்து உடைத்தேன். எல்லாவற்றிலும் வெறும் மஞ்சள் கரு. ஆய்வகம் பெருக்க வந்த அக்காதான் சொன்னார்.

"பண்ணை முட்டைல ஏதும்மா குஞ்சு? அங்கதான் சேவலே கெடையாதே."

படித்ததோ விலங்கியல்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். தூக்குவாளியில் உமி நிரப்பி, நாட்டுக்கோழி முட்டைகளைப் புதைத்து, திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். ஒன்றுகூட உடையவில்லை.

இந்த முறை முட்டைக்குள் இதயம் துடித்தது. முடிச்சுகளைத் தட்டில் வைத்த மூன்றாம் நாள், முடிவு தெரிந்துகொள்ள அண்ணனும் வந்துவிட்டான். சாறு விட்ட தட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். முடிச்சைச் சுற்றி வெங்காய வேர் மாதிரி மெல்லிய நரம்பு இழைகள்! சந்தோஷத்தில் அண்ணனைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"சாறு விடாததையும் காட்டு. உரம் போடாத வயலப் பாக்காம எப்படிச் சொல்றது?"

அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. வைத்துப் பார்த்தேன். அதிலும் இழைகள், அதே நீளம். அத்தனை நாளாக அவன் நம்பிக் குடித்த மருந்து.

"மருந்துனால இல்ல போல அண்ணே" என்றேன்.

அவனும் குனிந்து பார்த்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஒண்ணுமே விடாமயா இம்புட்டு வளந்திருக்கு?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அதுக்குத் தானாவே வளரத் தெரியுது பாப்பா."

குரலில் அப்படி ஒரு துள்ளல். இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை நகரச் சொன்னான். பார்த்துக்கொண்டே, மரத்த விரல் இரண்டையும் இடது கையால் நீவிவிட்டான்.