நேர்ந்துவிட்ட சேவலும் கொள்ளிடத்துக் கெண்டையும்

ட்ரவுட் மீனுக்காகக் குளிர்நாட்டுக்காரர்கள் கட்டும் பூச்சித் தூண்டிலை வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆற்றடியில் ஊரும் பூச்சியைப் போல முள்ளின்மேல் இறகு சுற்ற வேண்டும். மிதக்காமல் அடியில் இறங்கக் கனமும் வேண்டும். அரியலூர்ப் பக்கம் ட்ரவுட் கிடையாது. அது கொள்ளிடத்துக் கெண்டைக்குத் தெரியவா போகிறது?

கனத்துக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் கழித்த செம்புக் கம்பி. முள்ளுக்குப் பதினான்கு சுற்று. பூச்சியின் உடம்புக்கு வயலில் உதிர்ந்து கிடந்த மயிலிறகின் இழை. காலுக்குத்தான் சேவலின் கழுத்து இறகு கிடைக்கவில்லை. திருமானூரில் மச்சான் வீட்டுக் கொல்லையில் ஒரு செஞ்சேவல் நின்றது. மனைவியின் அண்ணன் வீடுதானே என்று, எல்லோரும் படுத்திருந்த மத்தியானம் மூன்று இறகு பிடுங்கினேன்.

மறுவாரம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முழங்கால் வலி தீர்ந்ததற்காக மச்சானின் மனைவி கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. ஞாயிற்றுக்கிழமை காவு. குறையுள்ள சேவலைச் சாமி ஏற்காதே என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். கீரியின் வேலை என்று மச்சான் வேலியை அடைத்தார். நானும் முள் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் இருவரும் ஆற்றுக்குப் போனோம். அவருடைய மண்புழுவை எந்த மீனும் தொடவில்லை. என் பூச்சியில் ஒரு கெண்டை மாட்டியது. முள்ளைக் கழற்றியவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"மாப்ள, இந்தச் செகப்ப நான் தெனம் காலைல பாக்குறனே."

ஒப்புக்கொண்டேன். மூன்றே மூன்றுதான் என்றேன்.

"மூணோ முப்பதோ, உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா முழங்கால் வலி எனக்கு வந்துரும்."

சொல்லிவிட்டு என் பூச்சியைத் தன் நூலில் கட்டி இரண்டு பிடித்தார். ஒன்று பூச்சியை விழுங்கிவிட்டது. நூலை அறுத்து அப்படியே பையில் போட்டோம். சேவலுக்கு எடை போதாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

மீன் அரிந்துகொண்டே அவர் மனைவி அந்தக் காரணத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கெண்டையின் தொண்டையிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கீரி கம்பியெல்லாம் சுத்துமாண்ணே?"

பூச்சியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எறகு முளைக்கிற வரைக்கும் சேவல உங்க வூட்டுலயே வெச்சு வளத்துக் கொண்டாங்க."

கூடையோடு பஸ் ஏறினேன். ஐந்து வாரம் அது என் மொட்டைமாடியில் கம்பு தின்றது, விடியுமுன்பே கூவியது. ஞாயிறுதோறும் புது இறகை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறாவது ஞாயிறு திருமானூரில், அந்த அம்மா கழுத்தை வரிவரியாக விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தலையில் தண்ணீர் தெளித்ததும் சேவல் சிலிர்த்தது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது.

காவு முடிந்ததும் கழுத்து இறகைக் கேட்டு வாங்கலாம் என்று உரிக்கும் இடத்துக்குப் போனேன். மச்சான் முன்பே வாரித் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.