வேலை உறுதி

இன்று திருச்செங்கோட்டில் அரசு நடத்திய இளைஞர் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். முகாம் நடந்தது, நான் பி.இ. முடித்த அதே கல்லூரியில்.

வந்திருந்த கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அனுபவம் இருக்கிறதா? வேலையே கிடைக்காதவனுக்கு அனுபவம் எங்கிருந்து வரும் என்று இந்த முகாமுக்குத் திட்டம் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைசி மேசையில் எங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் சார் உட்கார்ந்திருந்தார்.

"வா சாமி. நம்ம காலேஜுலயே ஒரு வேலை இருக்குது. அட்மிஷன் புடிக்கோணும். பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க ஊடு ஊடாப் போயிப் பேசோணும்."

"என்னன்னு பேசறதுங்க சார்?"

"இங்க படிச்சா வேலை உறுதின்னு சொல்லு."

"எனக்கே வேலை கெடைக்கலீங்களே சார்."

"இப்பக் கெடச்சிருச்சில்ல? பொறகென்ன, உன்னையவே காட்டிச் சொல்லு."

சேர்ந்துவிட்டேன். முகாமில் வேலை பெற்ற இளைஞர் என்று சால்வை போர்த்திப் படமும் எடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வருகிறேன். நாலு வருடம் கழித்து நடக்கும் முகாமுக்கும் ஆள் வேண்டுமே.